ஜோதிக்குக் கண்டுமுதல் கேட்கிறார்கள்

ஐயா,

இங்கு யாவரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் படித்ததும் அதோடு சரி. இங்கே யாரும் சுகமாக இல்லை, ஆகையால் அந்த வரியை எழுதவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். நாலு தடவை பேசினேன். மூன்று தடவை "மீட்டிங்ல இருக்கேம்மா" என்றாய். நாலாவது தடவை நீ சொன்னதை ஒரு வார்த்தை சிந்தாமல் மனதில் வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன். நீ மண்டபத்தில் பேசியது மைக் வைத்து ஊர் அறியப் பேசியது. அதனால் நானும் ஊர் அறிய எழுதுகிறேன். ஜோதி போகிற மையத்தின் டீச்சரம்மா இதில் எழுத்துப் பிழை பார்த்து அச்சுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பிழையை மட்டும் பார் தாயி, பேச்சைத் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கும் ஒரு நகல் தபாலில் வரும்.

படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டுமே, அதற்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். நாகஜோதி உன் அக்கா மாரியின் மகள். வயது பதினாலு. உங்கள் அப்பா போன பிறகு நானும் பரளச்சியில் மாரியின் வீட்டில்தான் இருக்கிறேன். மாப்பிள்ளை லாரியில் போகிறார், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீடு தங்குவார். ஜோதி நடக்க மாட்டாள், பேச மாட்டாள். கழுத்து சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. சோற்றை மசித்து, தாடையைத் தாங்கிப் பிடித்து ஊட்ட வேண்டும். வேன் வருகிற நாளில் ஏழரை மணிக்கே அவளைச் சாய்வு நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார வைத்துவிடுவோம். ஊருக்குள் திரும்பும்போது டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முகம் விரியும் பார், வேறு எதற்கும் அவள் அப்படிச் சிரிப்பதில்லை. எனக்குக்கூடச் சிரிப்பதில்லை. அதில் எனக்கு அந்த டிரைவர் மேல் ஒரு பொறாமை உண்டு.

அருப்புக்கோட்டையில் இருக்கிற அந்தப் பகல் மையத்தில் அவளை ஒரு பலகையோடு வார் போட்டுக் கட்டி அரைமணி நேரம் நிற்க வைப்பார்கள். எந்நேரமும் கிடக்கிற பிள்ளை, அந்த அரைமணி நேரம் எல்லோரையும் போல நின்றுகொண்டு ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்க்கும். கையையும் காலையும் வெதுவெதுப்பாக ஒற்றி ஒற்றி நீட்டி விடுவார்கள். முன்பு ஒருதரம் வேன் பழுதாகி நாலு மாதம் வரவில்லை. அந்த நாலு மாதத்தில் அவள் தொடைகள் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. துணி மாற்றுவதற்குள் அவளும் அழுது, மாரியும் அழுதுவிடுவாள். இடுப்பில் புண் வைத்தது. அந்தப் புண் ஆறின தழும்பை நீ பார்த்ததில்லை. நீ வருகிறபோதெல்லாம் அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவாய். ஒருதரம்கூடத் தூக்கினதில்லை. இதையும் நான் மறக்கவில்லை.

உன் பேச்சு போனில் வந்த நாளைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் கொண்டுவந்து காட்டினாள். சென்னையில், ஜோதி மாதிரிப் பிள்ளைகளுக்குத் திட்டம் போடுகிற உன் ஆபீஸ் நடத்திய கூட்டம். பெரிய மண்டபம், நீ கோட்டுப் போட்டிருந்தாய். "இந்தப் பிள்ளைகளுக்குச் செலவு செய்வது தர்மம் அல்ல, முதலீடு. இன்றைக்குப் போடுகிற ஒரு ரூபாய் நாளைக்குப் பல ரூபாயாகத் திரும்பி வரும்" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். ரேஷன் கடை வரிசையில் சொல்லாத ஆள் இல்லை. "ஒங்க மகன் மந்திரி மாதிரில்ல பேசுறாரு சின்னம்மா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "மந்திரி எங்கடி இவ்வளவு வெவரமாப் பேசுறாக" என்றேன். ஜோதியின் காதிலும் போனை வைத்தேன். அவள் உன் குரலைக் கேட்டு எச்சில் ஒழுகச் சிரித்தாள். தன்னைப் பற்றித்தான் மாமன் பேசுகிறான் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் பேச்சால் நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மூடப் போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்த மையம் மூடாமல் நின்றது. கை ஓடுகிற பிள்ளைகளுக்குத் தையல், மெழுகுவர்த்தி, பாக்குமட்டைத் தட்டு என்று பழக்கிக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் உன்னை வாயார வாழ்த்துகிறார்கள், நான் காதாரக் கேட்டேன். அதன் பிறகுதான் மையத்துக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம் வந்தது. டீச்சரம்மா வீட்டுக்கே கொண்டுவந்து, ஜோதியின் நாற்காலிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக வாசித்து எழுதினாள். பயனாளியின் பெயர். பயனாளியின் வயது. பயனாளியின் குறைபாடு. ஏழாவது கட்டத்தில் நிறுத்திவிட்டாள்.

"என்ன தாயி, தொண்டை கட்டிக்கிருச்சா?" என்றேன்.

"இல்ல அம்மாச்சி. பயனாளி எதிர்காலத்தில் செய்யக்கூடிய தொழில், ஈட்டக்கூடிய வருமானம்னு கேட்டிருக்கு."

"யாரக் கேக்குறாக?"

"ஜோதியத்தான்."

"ஜோதி என்னத்த ஈட்டுவா?"

"அதான் அம்மாச்சி யோசிக்கிறேன். இந்தக் கட்டம் காலியா இருந்தா, பிள்ளைய வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறச் சொல்லிருவாக. வேன் சீட்டு பயிற்சிக்கு வர்ற வேற பிள்ளைக்குப் போயிரும்."

"இந்தக் கட்டத்தப் போட்ட மகராசன் யாரு?"

அவள் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். பிறகு, "மேல ஒரு அறிக்கை வந்துச்சு. அதுல இருந்து எடுத்துத்தான் போட்டிருக்காக. அது ஒங்க மகன் ஆபீஸ்ல எழுதுனது அம்மாச்சி" என்றாள். மாரி அடுப்படியில் நின்றாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது, அவ்வளவுதான். அவள் வெளியே வரவில்லை. பயனாளி என்று பெயர் வைத்துவிட்டு உன்னால் என்ன பயன் என்று கேட்கிறார்களே, இது என்ன தமிழ் ஐயா? ஐந்தாவது படித்தவளுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உன்னிடம் நாலாவது தடவை பேசினேன். நீ சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

"அம்மா, உரிமைன்னு எழுதுனா அந்தப் பைலத் தெறந்துகூடப் பாக்க மாட்டாக. லாபம்னு எழுதுனாத்தான் படிப்பாக. நான் அப்படி எழுதலன்னா மையமே இருந்திருக்காது. அப்ப ஜோதிக்கும் இருந்திருக்காதுல்ல?"

"இப்ப ஜோதிக்கு இருக்கா?"

"ஏதாவது விதிவிலக்கு மாதிரி பாக்கலாம்மா. இப்போதைக்கு டீச்சர்கிட்டச் சொல்லி ஏதாச்சும் ஒரு தொழில எழுதி விடச் சொல்லு. சும்மா ஒரு பேருக்குத்தான்" என்றாய். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். "வாரேன் சார்" என்றாய். எனக்கு வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதிய பிறகு கை ஓடவில்லை. ஏனென்றால் அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமான பேச்சு. அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். நம் கரிசல் காட்டில் பயிர் நிற்கிறதைப் பார்த்து யாரும் விளைச்சல் சொல்ல மாட்டார்கள். அறுத்து, களத்தில் அடித்து, தூற்றி, மூட்டை பிடித்த பிறகு கையில் நிற்பதுதான் கண்டுமுதல். கம்புக்குக் கண்டுமுதல் உண்டு, கொத்தமல்லிக்கு உண்டு, உளுந்துக்கு உண்டு. மனுசப் பிள்ளைக்கு அந்த வார்த்தையை முதன்முதலில் போட்டவள் உன் அம்மா. எங்கே வைத்து, யார் முன்னால் போட்டேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அன்றைக்கு உன் பெரியப்பா தோளில் கிடந்த துண்டின் கரைகூட ஞாபகம் இருக்கிறது.

நாம் திருச்சுழிப் பக்கம் இருந்த காலம். மாரி எட்டாவது முடித்திருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைதான், ஒன்பதாவதுக்கு பஸ்ஸில் போக வேண்டும். உங்கள் அப்பாவுடைய அண்ணன், உன் பெரியப்பா, வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "பொம்பளப்பிள்ளைக்கு எட்டு போதும். நாளையில இருந்து பருத்தி எடுக்க அனுப்பு" என்றார். உங்கள் அப்பா வழக்கம்போலத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் பேசும்போது அவருக்குத் தீப்பெட்டி கிடைத்ததே இல்லை. நான் புடைத்துக்கொண்டிருந்த சுளகோடு வெளியே வந்தேன்.

"படிக்கிறதும் வெள்ளாமதான் மச்சான். இன்னைக்கு விதைக்கிறோம். நாளைக்கு டீச்சராவோ நர்ஸாவோ வந்து நிப்பா. அன்னைக்குக் கண்டுமுதலக் காட்டுறேன், வந்து அளந்து பாத்துக்கோங்க."

"ஆத்தாடி, பெரிய வக்கீலு" என்றார் பெரியப்பா. சிரித்துவிட்டார். "சரி, அனுப்பு. பாப்போம்."

ஊரே பேசியது. வாயடைக்க வைத்துவிட்டாளே என்று. அந்த வாக்கியத்தை நினைத்து நினைத்து நான் பூரித்தேன். மாரி பஸ்ஸில் போய் வந்தாள். அவளுக்குச் சரித்திரப் பாடம் என்றால் உயிர். கடலை மடித்து வருகிற காகிதத்தைக்கூடக் கொட்டிவிட்டு வாசிப்பாள். சாயங்காலம் வந்து எனக்கும் பாடம் சொல்லுவாள். ராசாக்கள் சண்டையை எதிர்வீட்டுச் சண்டை மாதிரி சொல்லுவாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறேன். அதில் டீச்சர் வேலை எங்கே இருந்தது, நர்ஸ் வேலை எங்கே இருந்தது? ஆனால் நான் அந்த ஆசையைச் சொல்லி அவளை அனுப்பவில்லையே.

பத்தாவதில் கணக்கில் தோற்றுவிட்டாள். மற்ற எல்லாவற்றிலும் பாஸ். அன்று சாயங்காலமே பெரியப்பா வந்தார். பெரியம்மாவும் கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள், விசேஷ வீட்டுக்கு வருகிற மாதிரி. கட்டிலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"எங்கேம்மா கண்டுமுதலு?"

எனக்கு வாய் வரவில்லை. "கதிரு சாவியால்ல போச்சு" என்றாள் பெரியம்மா. மணி பிடிக்காமல் பதராக நிற்கிற கதிரைத்தான் சாவி என்போம். அதை மாட்டுக்குப் போடுவோம். மாரி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ எழுதுறேம்மா. கணக்கு மட்டுந்தானம்மா" என்றாள். நீ தரையில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான், "போதும், எம் மானத்த வாங்குனது" என்றேன். மாரியிடம் நான் சொன்னது அதுதான். அடுத்த மாதம் அவள் மில்லுக்குப் போனாள். அவளுக்கென்று ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் அடுத்த வருடத்திலிருந்து நீ போனாய். சீட்டு காலியாக இருக்கவில்லை.

பெரியப்பா செத்து ஒன்பது வருடம் ஆகிறது. எழவுக்குப் போனேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இன்னும் அவரை நான் விடவில்லை. ஆனால் இந்த ஒரு வாரமாக நினைத்துப் பார்க்கிறேன், அவர் கேட்டதில் என்ன தப்பு? கண்டுமுதல் காட்டுகிறேன் என்று சொன்னவள் நான். அவர் களத்துக்கு வந்து கேட்டார். அவ்வளவுதானே நடந்தது. லாபத்தைச் சொல்லி வாதாடி ஜெயித்தவள், நஷ்டம் வந்த அன்று எதைச் சொல்லி வாதாடுவாள்? முதல் நாளே வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டும். அவள் பிள்ளை, படிக்கிறாள், உங்களுக்கு என்ன என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பெரியப்பா சிரித்திருக்க மாட்டார். சண்டை வந்திருக்கும், சொத்துப் பிரிந்திருக்கும், உங்கள் அப்பாவுக்குத் தீப்பெட்டி கிடைத்தே இருக்காது. நான் தோற்றும் போயிருக்கலாம். ஆனால் மாரி என் முந்தானையைப் பிடித்த நேரத்தில் என் வாய் திறந்திருக்கும். நீ சொல்கிற முதலீடு என்பது வேறு என்ன ஐயா? கோட்டுப் போட்ட கண்டுமுதல். அன்று தரையில் உட்கார்ந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஜெயித்த பேச்சை எடுத்துக்கொண்டாய். நான் வாயடைத்து நின்றதை எங்கே விட்டாய்?

இனிமேல் எழுதப் போவதை உன்னிடம் போனில் சொல்லியிருக்க முடியாது. டீச்சரம்மா நல்ல மனசில்தான் சொன்னாள். "மருந்துக்கடைக் கவர் ஒட்டுவான்னு எழுதிருவோம் அம்மாச்சி. சரிபாக்க யாராச்சும் வந்தா ரெண்டு கவர் ஒட்டிக் காட்டுனாப் போதும். கையப் புடிச்சு ஒட்ட வைங்க" என்றாள். நீயும் ஏதாவது ஒரு தொழிலை எழுதச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை மாரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் பசை காய்ச்சி, காகிதத்தை வெட்டி, ஜோதியின் மடியில் ஒரு பலகையை வைத்தேன். அவள் விரல்கள் எப்போதும் உள்ளே மடங்கி இறுகிக்கிடக்கும். கட்டைவிரல் நடுவில் மாட்டிக்கிடக்கும். வெந்நீர்த் துணியில் ஒற்றி, கால் மணி நேரம் பொறுத்தால்தான் திறக்கும். எனக்குத் தெரியாததா? பதினாலு வருடமாகச் செய்கிறேன். அன்றைக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கவரு தாயி, ஒரே ஒரு கவரு ஒட்டிரு" என்று சொல்லிச் சொல்லிப் பிரித்தேன். பிரித்துக் காகிதத்தில் அழுத்தினேன். மறுபடி மடங்கியது. மறுபடி பிரித்தேன். அவள் கத்தவில்லை. கழுத்து நிற்காத பிள்ளை, எப்படியோ கழுத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தது. ஹாரன் வருகிறதா என்று பார்த்தது. நான் அப்போதும் விடவில்லை.

மாரி குடத்தோடு வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என் கையிலிருந்து அந்தக் கையை எடுத்துக்கொண்டாள். கட்டைவிரல் அடியில் வீங்கிப் போயிருந்தது. முந்தானையால் பசையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்கிட்டச் செஞ்சத இவகிட்டயும் ஆரம்பிச்சிட்டியாம்மா."

இத்தனை வருடத்தில் அந்தப் பத்தாம் வகுப்பைப் பற்றி அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். யார் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கணக்காக மனதில் வைத்திருக்கிறேன் என்று ஊரே என்னைச் சொல்லும். என் வயிற்றில் பிறந்தவள் என்னைப் பற்றி ஒன்றை வைத்திருந்தாள், எனக்குத் தெரியாமல். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன், அச்சில் வந்தால் அவள் வாசிப்பாள். கடலைக் காகிதத்தையே விடாதவள் இதை விட மாட்டாள். மாரி, உன்னை இன்னொரு தடவை எழுத விட்டிருக்க வேண்டும். அப்புறமும் தோற்றால் அப்புறமும்.

மறுநாள் டீச்சரம்மா வேறு வழி கொண்டுவந்தாள். மாரி இப்போது அருப்புக்கோட்டையில் தையல் கம்பெனிக்குப் போகிறாள் அல்லவா, ஜோதி மையத்தில் இருக்கிற நேரத்தில்தானே அவள் வேலைக்குப் போக முடிகிறது, அந்தச் சம்பளத்தையே ஏழாவது கட்டத்தில் எழுதலாம் என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளத்தில் போகிறவளுக்குக் கட்டை கிடைத்த மாதிரி இருந்தது. மாரிதான் மறித்தாள். "எனக்கு வேல போச்சுன்னா? முதுகு போயிப் படுத்துட்டேன்னா? அன்னைக்கு எம்பிள்ள எந்திரிச்சு நிக்க வேண்டாமா டீச்சர்?" என்றாள். டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்னக்கா பண்ணட்டும்" என்றாள். அவளும் பாவம், அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். மேலே போகப் போக எல்லோருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள் போலிருக்கிறது. உனக்கும் இருக்கிறார். அன்று போனில் அவர் கூப்பிட்டதை நான் கேட்டேன்.

இரண்டு நாளாக வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அப்பா வாதம் வந்து இரண்டு வருடம் கிடந்தாரே, அப்போது நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாரம் விட்டு வாரம் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, சனிக்கிழமை காலை வந்து இறங்குவாய். வந்ததும் பையைக்கூட உள்ளே வைக்காமல் வெந்நீர் கேட்பாய். அவர் முகத்தைத் துடைத்து, சோப்பு நுரை போட்டு, கன்னத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துச் சவரம் பண்ணுவாய். அவர் பேச மாட்டார், எழுந்திருக்க மாட்டார், யாரையும் அடையாளம் தெரிந்ததா என்றும் சொல்ல முடியாது. ஒருநாள் அந்தக் கிளிப்பச்சைச் சேலைக்காரி, உன் பெரியம்மா, வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். "எதுக்குப்பா இந்த மெனக்கெடு? இந்த மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்றாள். நீ கன்னத்திலிருந்து ரேசரை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல் சொன்னாய்.

"அப்பாவுக்குச் சவரம் பண்ணணும் பெரியம்மா. அவ்வளவுதான்."

அவள் வாயடைத்து நின்றதை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். என் ஆயுசில் அவள் வாயடைத்துப் பார்த்தது அந்த ஒருதரம்தான். என் வக்கீல் பேச்சுக்குப் பெரியப்பாவிடம் ஒரு எதிர்க்கேள்வி இருந்தது. இரண்டு வருடம் காத்திருந்து கேட்டார். உன் பேச்சுக்கு யாரிடமும் எதிர்க்கேள்வி இல்லை. எத்தனை வருடம் காத்திருந்தாலும் இல்லை. அந்த வார்த்தை உனக்குத் தெரியும் ஐயா. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரியும். அதை நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நீதான் எனக்குக் காட்டினாய். மண்டபத்துக்குப் போகும்போது அதை எங்கே கழற்றி வைத்துவிட்டுப் போகிறாய்?

அவ்வளவுதான் என்று எழுதினால் ஆபீசில் பைலை மூடிவிடுவார்கள் என்பாய். மூடலாம். எனக்குத் தெரியாது. எனக்கு ஆபீசும் தெரியாது, அறிக்கையும் தெரியாது. லாபம் சொல்லாமல் எப்படி மையத்தை நிறுத்தி வைப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளின் தாய்மார்கள் உன்னை வாழ்த்துகிறார்கள் என்று சொன்னேனே, நாளைக்கு அவர்களிடமும் ஒருவர் வந்து கட்டிலில் உட்காருவார். மெழுகுவர்த்தி விற்காத வருடத்தில் வருவார். எங்கேம்மா கண்டுமுதல் என்பார். அன்றைக்கு அவர்களுக்கு என்ன வாய் கொடுத்திருக்கிறாய்? நான் உன்னைக் கெஞ்சுகிறேன். உன்னைப் பெற்றவள் என்று கேட்கவில்லை, அதைச் சொல்லிக் கேட்கிற யோக்கியதை மாரியின் முன்னால் எனக்கு இல்லை. இரவும் பகலும் அந்தப் பிள்ளையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி அவை ஏறிக்கொண்டால் இந்தத் தடவை இறங்காது என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. போகிற இடமெல்லாம் போய்விட்டேன். ஒரு இடம்தான் பாக்கி, அது நீ.

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஏழாவது கட்டத்தை நானே எழுதினேன். என் கையெழுத்துக் கோழி கிளறின மாதிரி இருக்கும், கட்டத்துக்கு வெளியேயும் போய்விட்டது. செய்யக்கூடிய தொழில்: ஒன்றும் இல்லை. ஈட்டக்கூடிய வருமானம்: ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே, ஜோதியை நிற்க வைக்கணும், அவளுக்கு வேன் வரணும், அவ்வளவுதான். டீச்சரம்மா வாசித்துவிட்டு, "இப்படி எழுதுனாத் தள்ளிருவாக அம்மாச்சி" என்றாள். தள்ளட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை. மாரி வாசித்தாள். வெளியே போயிருந்த எழுத்துகளையும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு சுற்றிப் போட்டுக் கட்டத்தைப் பெரிதாக்கினாள்.

படிவத்தின் அடியில் சாட்சி என்று ஓர் இடம் இருக்கிறது. நான் போடுகிறேன் என்றாள் டீச்சரம்மா. வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் கடைசி வார்த்தை என்னுடையது இல்லை, நீ சொன்னது. சொன்னவன்தான் சாட்சி போட வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கிறது. வியாழக்கிழமை மதுரை பஸ்ஸில் ஏறு. பேருக்கு வந்து தலையைத் தடவிவிட்டுப் போவதானால் வராதே. வருவதானால் விடிகிற நேரத்தில் வந்து இறங்கி, பையை வெளியே வைத்துவிட்டு வெந்நீர் கேள். தருகிறேன். அவள் கையை நீயே துணியில் ஒற்று, பொறுமையாக ஒற்று, கட்டைவிரல் இன்னும் ஆறவில்லை. பிறகு அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வை. ஏழரை மணிக்கு ஹாரன் கேட்கும். அந்த முகத்தை ஒருதரம் பார். பார்த்துவிட்டு, அதே கையால் கையெழுத்துப் போடு.